அமராவதி பார்க்க முதலில் எழும்பூர் போங்கள்

பௌத்தத் தலங்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் புத்தகயா, சாரநாத், சாஞ்சி என்றுதான் பட்டியல் போடுகிறார்கள். ஆந்திரத்தில் கிருஷ்ணா நதிக் கரையில் பெரிய பௌத்த ஸ்தூபி இருந்த ஊர் அமராவதி. சென்னையிலிருந்து ஓர் இரவு ரயிலில் எட்டிவிடலாம், ஆனால் அது அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. போய் வந்த சிலரும் “வெறும் மேடுதான், ஒன்றுமில்லை” என்கிறார்கள். வருத்தமாக இருக்கிறது. குறை இடத்தில் இல்லை, போகிற வரிசையில் இருக்கிறது. முதலில் வாசிப்பு, பிறகு எழும்பூர் அருங்காட்சியகம், கடைசியில் கிருஷ்ணைக் கரை. இந்த வரிசையை மாற்றினால் அமராவதி பிடிபடாது.

ஏனென்றால் அந்த ஸ்தூபியின் கற்களில் பெரும்பங்கு அந்த ஊரில் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜமீன்தார் வாசிரெட்டி வெங்கடாத்ரி நாயுடு அங்கே ஊர் அமைத்தபோது, கட்டுமானத்துக்குக் கல் தேடி அந்த மேட்டைத் தோண்டினார்கள். கேள்விப்பட்டு வந்து பார்த்த ஆங்கிலேய நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி, 1816-ல் மறுபடி வந்தபோது மேட்டின் நடுப்பகுதி குளமாகிக் கிடந்தது. எத்தனையோ பலகைகளைச் சுண்ணாம்புக்காகச் சூளையில் போட்டு எரித்துவிட்டார்கள். 1845-ல் ஆங்கிலேய அதிகாரி வால்டர் எலியட் தோண்டி எடுத்தவை சென்னைக்கு வந்து, அவற்றில் பெரும்பகுதி 1859-ல் லண்டனுக்குக் கப்பலேறியது. 1880-களில் தொல்லியலாளர் ஜேம்ஸ் பர்ஜெஸ் எடுத்தவை எழும்பூருக்கு வந்தன. மிச்சம் மீதிதான் ஊரில்.

வாசிக்க ஒரே ஒரு நூல் போதும் என்றால், சி. சிவராமமூர்த்தி 1942-ல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக எழுதிய அமராவதிச் சிற்ப நூலைச் சொல்வேன். எழும்பூர்க் கற்களை நான்கு காலகட்டங்களாகப் பிரித்து, நகை, உடை, பாத்திரம், வாத்தியம் எல்லாவற்றையும் கோட்டோவியமாகப் போட்டுக் காட்டியிருக்கிறார். அவர் சொல்லும் காலங்களைப் பின்னாளைய அகழாய்வுகளோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஆனால் கண்ணைப் பழக்க அதைவிட நல்ல நூல் எனக்குத் தெரியாது. கூடவே சத்தந்த யானை, வெஸ்ஸந்தரன், மாந்தாதா ஆகிய மூன்று ஜாதகக் கதைகளையாவது (புத்தரின் முற்பிறவிக் கதைகள்) படித்துவிட்டுப் போங்கள். கதை தெரியாமல் கல் முன் நின்றால் கூட்டம் மட்டும்தான் தெரியும்.

எழும்பூரில் முதலில் தேட வேண்டியது, ஸ்தூபியையே செதுக்கி வைத்த பலகை. அழிந்துபோன கட்டடத்துக்கு அதுதான் வரைபடம். கீழிருந்து மேலாகப் பாருங்கள்: வேலி, வாசலில் சிங்கங்கள், அடிப்பீடம், அதன்மேல் வரிசையாக ஐந்து தூண்கள், பிறகு குவிமாடம், உச்சியில் ஹர்மிகை என்னும் சதுர வேலியமைப்பு, இரு பக்கமும் பறந்து வரும் தேவர்கள். அந்த ஐந்து ஆயகத் தூண்கள் ஆந்திர ஸ்தூபிகளுக்கே உரியவை. பிறப்பு, துறவு, ஞானம், முதல் உபதேசம், பரிநிர்வாணம் ஆகிய ஐந்தையும் அவை குறிக்கின்றன என்பார்கள். சாஞ்சியில் இருப்பது போன்ற தோரண வாயில் இங்கே கிடையாது.

அடுத்து வேலித் தூண்கள். நடுவில் முழு வட்டத் தாமரை, மேலும் கீழும் அரை வட்டம். பெரும்பாலும் வெளிமுகத்தில் தாமரை, உள்முகத்தில் கதை. வலம் வருகிற பக்தருக்கு வலப்பக்கம் ஸ்தூபி, இடப்பக்கம் இந்தக் கதைகள். சுவரோடு சேர்த்து வைத்த கல்லில் ஒரு முகம்தான் தெரியும். மறுமுகத்தை மனத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். இன்னொன்று, கற்கள் இன்று நிற்கும் வரிசை பழைய வரிசை இல்லை. ஆகவே பக்கத்துப் பக்கத்துப் பலகைகளைக் கோத்து ஒரே கதையாக வாசிக்காதீர்கள்.

புத்தர்மீது ஏவிவிடப்பட்ட நளகிரி யானையின் கதையைச் செதுக்கிய வட்டச் சிற்பத்துக்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மதம் பிடித்த யானை வாசலைத் தாண்டித் தெருவில் பாய்கிறது. ஒருவனைக் காலைப் பிடித்து இழுக்கிறது. ஜனம் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து பதறுகிறது. மாடியிலிருந்து பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அதே வட்டத்தின் இன்னொரு பக்கத்தில் அதே யானை புத்தர் காலடியில் மண்டியிட்டிருக்கிறது. இடையில் கோடு இல்லை, சட்டம் இல்லை. ஒரு தெரு, இரண்டு கணங்கள். இந்தியச் சிற்பத்தில் கூட்டத்தின் பயத்தை இப்படிக் காட்டிய இடம் வேறு அதிகம் இல்லை என்பது என் கருத்து.

புத்தர் உருவம் இல்லாத பலகைகளில் வெறும் ஆசனம், பாதச்சுவடு, போதிமரம், சக்கரம் ஆகியவற்றைத் தேடுங்கள். ஆனால் உருவம் இல்லாதது பழசு, இருப்பது புதுசு என்று கண்ணை மூடிக்கொண்டு காலம் சொல்லாதீர்கள். அமராவதியில் இரண்டும் சில காலம் சேர்ந்தே நடந்திருக்கின்றன.

எனக்கு மிகவும் நெருக்கமானவை கல்வெட்டுகள். பிராமி எழுத்து, பிராகிருத மொழி. விதிகன் என்ற தோல் தொழிலாளி தன் தாய், மனைவி, சகோதரர்கள், பிள்ளைகளோடு சேர்ந்து பூரண கும்பப் பலகை ஒன்றைக் கொடுத்திருக்கிறான். தமிள (தமிழ்) கண்ணன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒருவன், தம்பி சுள கண்ணனோடும் தங்கை நாகாவோடும் சேர்ந்து தானம் செய்திருக்கிறான். அரசர்கள் கட்டிய ஸ்தூபி என்று பொத்தாம்பொதுவாக எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒருமுறை படிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு அமராவதிக்குப் போனால் அந்த வட்ட மேடு பேசும். அண்டத்தின், அதாவது குவிமாடத்தின், குறுக்களவு சுமார் 50 மீட்டர். நான்கு திசையிலும் ஆயகத் தூண்கள் நின்ற மேடை நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே நின்று, எழும்பூரில் பார்த்த பலகையை அதன்மேல் பொருத்திப் பாருங்கள். பிறகு பக்கத்தில் உள்ள தொல்லியல் துறை அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள். எழும்பூருக்கும் அன்றுதான் விடுமுறை. பயணச்சீட்டு எடுக்கும்போது பெயரைக் கவனியுங்கள்: மகாராஷ்டிரத்திலும் ஓர் அமராவதி இருக்கிறது. ஆந்திரத் தலைநகர்ப் பகுதிக்கும் இதே பெயர். குண்டூரில் இறங்கி, அமரேஸ்வரர் கோயில் உள்ள பழைய அமராவதி என்று கேட்டுப் பேருந்து ஏறுங்கள், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் வெயில் தாங்கும்.

இன்னொரு நாள் இருந்தால், இன்னொரு பௌத்தத் தலமான நாகார்ஜுனகொண்டா. இக்ஷ்வாகு அரசர்களின் தலைநகரான விஜயபுரி நாகார்ஜுன சாகர் அணையின் நீருக்குள் போய்விட்டது. 1954 முதல் 1960 வரை அகழ்ந்து, முக்கியமான சிலவற்றை மலை உச்சிக்கும் நீர்த்தேக்கக் கரையில் உள்ள அனுபுவுக்கும் பெயர்த்து வைத்தார்கள். மலை இப்போது தீவு, படகில்தான் போக முடியும். காற்றும் கூட்டமும் பார்த்துத்தான் படகு விடுவார்கள். அதனால் காலையிலேயே துறைக்குப் போய்விடுங்கள். படகு இல்லையென்றால் அன்றைய பொழுதை அனுபுவில் செலவிடலாம்.