சிதம்பரம் பிள்ளையை எந்த எழுத்தில் தேடுவது?

போன வாரம் பாளையங்கோட்டையில் ஒரு நூலகத்துக்குப் போயிருந்தேன். வ.உ.சி. எழுதிய புத்தகம் ஒன்று வேண்டும். கணினியில் ஆசிரியர் வரிசையைத் திறந்து 'சி'யில் தேடினேன். இல்லை. பக்கத்தில் இருந்த தம்பி, "அண்ணாச்சி, 'பி'யில பாருங்க, பிள்ளைன்னு இருக்கும்" என்றார். இருந்தது. கூடவே வையாபுரிப் பிள்ளை, வேதநாயகம் பிள்ளை, தேசிகவிநாயகம் பிள்ளை எல்லாரும் அங்கேதான்.

எனக்கு மனசே ஆறவில்லை. ஒட்டப்பிடாரத்து உலகநாதன் மகன் பெயர் சிதம்பரம். அப்பா பெயர் முன்னால் ஓர் எழுத்தாக நிற்கிறது, சாதி பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஒட்டை எடுத்து முதலில் வைத்தால் ஆளையே காணோம்.

நூலகப் பட்டியலுக்கான சர்வதேச விதி இப்படித்தான் கேட்கிறது என்று பலரும் சொல்கிறார்கள். இல்லவே இல்லை. 1961இல் பாரிஸில் கூடிய நூலகர்கள் ஒத்துக்கொண்ட கொள்கையிலேயே, பெயரின் எந்தச் சொல்லில் பதிவது என்பதைக் கூடியமட்டும் ஆசிரியருடைய நாட்டு வழக்கத்தை வைத்து முடிவுசெய்யச் சொல்லியிருக்கிறது. 1978இல் வந்த ஆங்கிலோ அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளின் இரண்டாம் பதிப்பில் தமிழ், தெலுங்கு, கன்னட, மலையாளப் பெயர்களுக்கென்றே தனி விதி உண்டு. குடும்பப் பெயர் இல்லாதவரை இட்ட பெயரில் பதியுங்கள். அதற்கு முன்னால் ஊர்ப் பெயரோ தந்தை பெயரோ வரும், பின்னால் சாதிப் பெயர் வரலாம் என்று விளக்கமும் கொடுத்திருக்கிறார்கள். நாம்தான் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை. மென்பொருளில் 'லாஸ்ட் நேம்' என்று ஒரு கட்டம் இருந்தது, கடைசிச் சொல்லைத் தூக்கி அதில் போட்டுவிட்டோம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1934லேயே பட்டியலாக்கத்துக்கு விதிநூல் எழுதிய நாடு இது!

புனைபெயரும் அப்படித்தான். நம்மூர் எழுத்தாளர் வண்ணதாசன், கவிதை எழுதும்போது கல்யாண்ஜி. ஆங்கிலோ அமெரிக்க விதிகளுக்குப் பதிலாக வந்த இப்போதைய ஆர்.டி.ஏ. விதிப்படி இரண்டையும் தனித்தனி ஆசிரியர் பெயராக வைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு வழி காட்டலாம். அந்தக் கணினியில் அந்த வழி இல்லை.

1954ஆம் வருஷச் சட்டப்படி, அச்சாகும் ஒவ்வொரு நூலும் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் போக வேண்டும். அங்கேயே தமிழ் ஆசிரியர் பெயர்களைத் தமிழ் எழுத்தில், தமிழ் முறையில் ஒரு தடவை உறுதிசெய்து வெளியிட்டால் போதும். ஊர் நூலகம் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும், வெளிநாட்டு நூலகமும் எடுத்துக்கொள்ளும். நாம் சொல்லாததை அவர்கள் எப்படித் தெரிந்துகொள்வார்கள்?

சரி, அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். தம்பி பொறுமையாகக் கேட்டார். 'சிதம்பரம் பிள்ளை, வ.உ.' என்று அப்போதே திருத்தினார். அப்புறம் வையாபுரிப் பிள்ளையை 'வை'க்குக் கொண்டுபோனார். வேதநாயகம் பிள்ளைக்கு வரும்போது நூலகம் பூட்டுகிற நேரம். மீதியை நாளைக்குப் பார்க்கிறேன் அண்ணாச்சி என்றார்.