சீட்டு போய்ச் சேர்ந்தது, மருந்து எங்கே?

வெள்ளிக்கிழமை ராத்திரி அப்பாவின் புற்றுநோய் வலிக்கு மாத்திரை கிடைக்காமல் அலைந்ததை ஏற்கெனவே எழுதிவிட்டேன். இது அந்தப் பதிவுக்குக் கீழே வந்த ஒரு கமென்ட்டுக்குப் பதில். "கட்டுப்பாடு இல்லாவிட்டால் எல்லோரும் அடிமையாகிவிடுவார்கள்." அதற்கு லைக் போட்டவர்களில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள்.

கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? மருந்துச் சீட்டைக் கணினி வழியே அனுப்பும் டாக்டர் யார் என்று இவ்வளவு காவல் போட்டவர்கள், அது போய்ச் சேரும் கடையில் மருந்து இருக்கிறதா என்று பார்க்கவில்லை. நான் சொன்னது அவ்வளவுதான்.

ஆக்ஸிகோடோன் மாதிரி, பழக்கமாகிவிடக்கூடிய கடும் வலி மருந்துகளைக் கணினி வழியே எழுத, அமெரிக்காவின் போதைமருந்துத் தடுப்பு அமைப்பான டி.இ.ஏ. 2010இல் அனுமதித்தது. டாக்டர் முதலில் தான் யாரென்று நிரூபிக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு சீட்டுக்கும் கையெழுத்திடும்போது பாஸ்வேர்டு, கையில் வைத்திருக்கும் டோக்கன் என்ற சிறு அடையாளக் கருவி, கைரேகை போன்ற உடல் அடையாளம், இந்த மூன்றில் இரண்டைக் காட்ட வேண்டும். இங்கே நியூயார்க்கில் 2016 மார்ச் 27 முதல், சில விலக்குகள் தவிர, எல்லாச் சீட்டும் கணினியில்தான். கள்ளக் கையெழுத்தும் திருட்டுச் சீட்டும் குறையும். சரி, நல்லதுதான்.

ஆனால் காகிதம் கையில் இருந்த காலத்தில் ஒரு கடையில் இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போகலாம். இப்போது சீட்டு ஒரே ஒரு கடையின் கணினிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஸ்டாக் இல்லை. எங்கள் குயின்ஸ் பகுதியில் மற்ற கடைகளுக்குப் போன் போட்டால், இந்த மருந்து இருக்கிறதா என்று போனில் சொல்ல மாட்டார்களாம். டாக்டர் பழைய சீட்டை ரத்து செய்து, மறுபடி டோக்கனை எடுத்துப் புதிதாக அனுப்ப வேண்டும். ராத்திரி டியூட்டியில் இருந்த டாக்டர் அப்பாவைப் பார்த்ததே இல்லை. "திங்கட்கிழமை உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்" என்றார். எலும்பு வரை புற்றுநோய் பரவியவருக்குத் திங்கட்கிழமை!

"இருப்பதை வாங்கியிருக்கலாமே?" கடையில் பாதி இருந்தால் பாதி தரலாம். மீதியை 72 மணி நேரத்துக்குள் தர முடியாவிட்டால், பொதுவாக அதற்குப் புதுச் சீட்டு வேண்டும். "வேறு கடைக்கு மாற்றலாம் என்று 2023இல் விதி வந்ததே?" வந்தது. ஒரே ஒரு முறை, அதுவும் மாநிலச் சட்டம் இடம் கொடுத்தால். கவுண்டரில் இருந்த பெண் "எங்கள் சிஸ்டத்தில் முடியாது" என்று முடித்துவிட்டாள். விதியை அச்சடித்துக்கொண்டு போய்ச் சண்டை போடவா?

"அமெரிக்காவில் எத்தனை சாவு தெரியுமா?" தெரியும். 2021இல் மட்டும் போதை மருந்து அளவு மீறிச் செத்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அதில் பெரும்பாலோரைக் கொன்றது கள்ளத்தனமாகத் தயாராகிற ஃபெண்டனில் என்ற கடும் போதை மருந்து. அதற்கும் எங்கள் அப்பா வலிக்கும் என்ன சம்பந்தம்?

அந்தக் கவுண்டர் பெண் அப்பாவைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்க்கவில்லை. ஐ.டி.யை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தாள். கடைசியாக எப்போது வாங்கினீர்கள் என்று வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள். தலைமையாசிரியராக இருந்த மனிதர். என் கையைப் பிடித்து, "வேண்டாம்மா, டைலினால் போதும், வீட்டுக்குப் போகலாம்" என்றார். அந்தச் சாதாரண வலி மாத்திரை போதாது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

டாக்டர் கையெழுத்திடும் முன் எந்தக் கடையில் ஸ்டாக் இருக்கிறது என்று அதே திரையில் காட்டச் சொல்கிறேன். இதில் எங்கே வந்தது அடிமைப் பேச்சு?

போன பொங்கலுக்கு அவர் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கியவர்தானே நீங்கள்? அவரும் முகநூல் பார்க்கிறார், உங்கள் கமென்ட்டைப் படித்துவிட்டார். விதியைப் பற்றி என்னோடு எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுங்கள். அந்த வரியை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.