மெனுவிலேயே போட்டு உடைத்துவிட்டு எதற்கு 4கே?

படத்தை மிகத் துல்லியமாகக் காட்டும் ஒரு 4கே டிஸ்க்குக்காக மூன்று வாரம் காத்திருந்து, அதன் விலையில் பாதியைத் தபாலுக்கும் சுங்கத்துக்கும் தனியாக அழுது, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, வரமாட்டேன் என்ற தங்கையைக் கெஞ்சிக் கூத்தாடி உட்கார வைத்து டிஸ்க்கை உள்ளே தள்ளினால், படம் ஆரம்பிக்கும் முன்பே படம் முடிந்துவிட்டது. இந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்க் கொட்டுவது?

படம் ‘ப்ரொஃபோந்தோ ரோஸ்ஸோ’. இத்தாலிய இயக்குநர் தாரியோ அர்ஜென்தோ 1975இல் எடுத்தது, ஆங்கிலத்தில் ‘டீப் ரெட்’ என்று தெரிந்திருக்கும். இந்த வகைக் கொலை மர்மப் படங்களை ஜாலோ என்பார்கள், இத்தாலியில் அப்படியென்றால் மஞ்சள். அங்கே மொண்டதோரி பதிப்பகம் 1929இலிருந்து துப்பறியும் கதைகளை மஞ்சள் அட்டை போட்டு விற்றதில் நிறமே கதைக்குப் பெயராகிவிட்டது. (நம் வீட்டில் போய் “மஞ்சள் படம் ஒன்று வாங்கியிருக்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை.)

கதை ரோமில் நடப்பதாகப் பேர், பெரும்பகுதி எடுத்தது டுரினில். நடுராத்திரி ஒரு காலிச் சதுக்கத்தில் குடிகார நண்பனோடு பேசிக்கொண்டிருக்கிறான் மார்க், டேவிட் ஹெம்மிங்ஸ் நடித்த பியானோ வாத்தியக்காரன். மேலே ஜன்னலில் ஒரு பெண்ணை யாரோ வெட்டுகிறார்கள். இவன் மாடியேறி ஓடுகிறான், ஓவியங்களாக மாட்டி வைத்திருக்கிற நீண்ட நடைக்கூடத்தைத் தாண்டி அந்த அறைக்குப் போகிறான். அவ்வளவுதான் காட்சி. அப்புறம்தான் அவனுக்குக் குடைச்சல் ஆரம்பிக்கிறது, அங்கே முதலில் பார்த்த ஏதோ ஒன்று இப்போது இல்லையே என்று. மீதிப் படம் முழுக்க அந்த ஏதோ ஒன்றைத்தான் தேடுகிறான். இதில் அர்ஜென்தோ செய்த அயோக்கியத்தனம் என்னவென்றால், மார்க் ஓடும்போது கேமராவும் கூடவே ஓடுகிறது, பதில் அப்போதே திரையில் இருக்கிறது. எதையும் மறைக்கவில்லை, வெட்டவில்லை. அவனும் பார்த்தான், நாமும் பார்த்தோம், இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. கடைசியில் அதே இடத்தை மறுபடி காட்டும்போது, அடச்சே, கண் முன்னாலேதானே இருந்தது என்று தலையில் அடித்துக்கொள்வோம். முழுப் படமும் அந்தச் சில நொடிகளின் மேல்தான் நிற்கிறது.

அந்தச் சில நொடிகளைத்தான் ஐயா எடுத்து, டிஸ்க்கைப் போட்டதும் முதலில் வரும் மெனுவில் போட்டிருக்கிறார்கள், இதை வெளியிட்ட நிறுவனத்தார்!

சும்மா ஒரு ஸ்டில் படமாக இருந்தாலாவது கண்ணில் படாமல் போயிருக்கும். நடைக்கூடம் நகர்கிறது, பின்னால் கோப்லின் குழுவின் அந்தப் புகழ்பெற்ற இசை, சரியாக அந்த இடம் வந்ததும் வேகத்தைக் குறைத்து, முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. சுற்றிச் சுற்றி வருகிறது. நேராக ப்ளே அழுத்தியிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். ஆனால் இவர்கள் தாமாகவே ஆங்கில ஒலியைத் தேர்வு செய்து வைத்திருக்கிறார்கள், இத்தாலிய ஒலி எங்கே, அதற்குரிய சப்டைட்டில் எங்கே என்று நான் ரிமோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது சுற்றிலோ நாலாவது சுற்றிலோ தங்கை கையை நீட்டினாள். “அண்ணா, அதோ அங்க, அது என்னது?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் மூஞ்சியைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் 126 நிமிடமும் அவள் படம் பார்த்தது ஒரு மரியாதைக்காக. முடிந்ததும் “நல்லாத்தான் இருந்துச்சு, மியூசிக் சூப்பர்” என்றாள். மியூசிக் சூப்பராம். பொண்ணு பார்க்கப் போய் காபி நல்லா இருந்தது என்று சொல்லிவிட்டு வருவதைப் போல.

இத்தனைக்கும் இவர்கள் வேலை தெரியாதவர்கள் இல்லை, அதுதான் இன்னும் எரிகிறது. மூல நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்து, கீறல் கீறலாக உட்கார்ந்து துடைத்திருக்கிறார்கள். பழைய டிவி, விஎச்எஸ் கேசட் காலத்தில் இந்த மாதிரி அகலத்திரைப் படத்தைச் சதுர டிவிக்குள் திணிக்கப் பக்கவாட்டில் ஐந்தில் இரண்டு பங்கை வெட்டி எறிவார்கள். ஓரத்தில் கவனமாக வைத்ததெல்லாம் போய்விடும். அந்தக் கொடுமையிலிருந்து தப்பி, முழு அகலம் கிடைத்ததே பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் துடைக்கிற கை ஓர் இடத்தில் நிற்க வேண்டாமா? படம் டெக்னிஸ்கோப் என்ற முறையில் எடுத்தது. வழக்கமாக ஒரு ஃபிரேமுக்கு, பிலிம் ஓரத்தில் வரிசையாக இருக்கும் துளைகளில் நாலு துளை அளவு பிலிம் ஓடும், இதில் இரண்டுதான். பிலிம் செலவு பாதி, படம் பதிகிற இடமும் பாதிக்குப் பக்கம், அதைப் பெரிதாக்கும்போது துகள் துகளாகத்தான் தெரியும். அது அழுக்கில்லை, அந்தப் படத்தின் தோலே அதுதான். இவர்கள் அதையும் சலித்து எடுத்துவிட்டார்கள். ஹெம்மிங்ஸ் முகத்தில் வியர்வை இருந்த இடத்தில் மெழுகு வழிகிறது. இருட்டில் என்ன இருக்கிறதென்று தெரியட்டும் என்று நிழலையெல்லாம் வேறு தூக்கிவிட்டிருக்கிறார்கள். அடப்பாவிகளா, தெரியக்கூடாது என்றுதானே அந்த மனுஷன் இருட்டில் வைத்தான்! மெனுவில் இல்லாமல் இருந்திருந்தால்கூட இந்த வெளிச்சத்தில் பாதிப் பேர் கண்டுபிடித்திருப்பார்கள்.

சப்டைட்டில் கதை தனி. அந்தக் காலத்து இத்தாலியப் படங்களில் பெரும்பாலும் வசனத்தைப் பிறகு டப் செய்வதுதான் வழக்கம். அதனால் இத்தாலிய ஒலி ஒன்று, ஆங்கில ஒலி ஒன்று, இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. இங்கே இத்தாலிய ஒலிக்குக் கீழே ஓடியது ஆங்கில டப்பிங்கை அப்படியே தட்டச்சு செய்தது. மேலே பத்திரிகையாளராக நடித்த டாரியா நிகோலோதி மூச்சுவிடாமல் நாலு வாக்கியம் திட்டுகிறார், கீழே ஒரே ஒரு வரி. ஆங்கிலத்தில் வெளிநாட்டுக்குப் போன வடிவம் 20 நிமிடத்துக்கு மேல் வெட்டப்பட்டது, ஆகவே வெட்டிய காட்சிகளுக்கு ஆங்கில ஒலியே கிடையாது. அங்கே மட்டும் சப்டைட்டில் சரியாக இருக்கிறது, வேறு வழியில்லாமல் உண்மையாக மொழிபெயர்த்திருக்கிறார்கள் போல! படத்தில் அந்தப் பத்திரிகையாளரின் குட்டி ஃபியட் காரில் பக்கத்து சீட் உள்வாங்கி மார்க் பாதாளத்தில் உட்கார்ந்து வருகிற காட்சிக்குத் தங்கை சிரித்தாள். அந்த ராத்திரியில் அவள் உண்மையாகச் சிரித்த ஒரே இடம்.

கூட வந்த இரண்டாவது டிஸ்க்கில், அது சாதா ப்ளூ-ரே, பேட்டிகள், விளக்கங்கள் எல்லாம் இருக்கின்றனவாம். 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு, அதாவது வேறு பகுதிப் பிளேயரில் ஓடாமல் தடுப்பது, கிடையாது, இதற்கு உண்டு. அது ஐரோப்பாவின் பி மண்டலம், என் பிளேயர் இந்தியாவின் சி. டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்தான், பூதக்கண்ணாடி வைத்திருந்தால் பார்த்திருப்பேன். நிறுவனத்துக்கு மெனுவைப் பற்றி ஒரு மின்னஞ்சல் போட்டேன். “உங்கள் கருத்துக்கு நன்றி, படத்தின் மிகப் புகழ்பெற்ற காட்சி என்பதால் தேர்ந்தெடுத்தோம்” என்று பதில். ஏன் புகழ்பெற்றது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால்?

அடுத்த வாரம் மச்சான் வருகிறான், அவனும் இந்தப் படத்தைப் பார்த்ததில்லை. இந்த முறை டிவி மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் டிஸ்க்கைப் போடப்போகிறேன். நேற்று பழகிப் பார்த்தாகிவிட்டது: கீழே இரண்டு, ஓகே, வலது ஒன்று, ஓகே, மேலே இரண்டு, ஓகே. இரண்டு தடவை சரியாக வந்தது. மூன்றாவது தடவை துண்டைத் தூக்கிப் பார்த்தால் ட்ரெய்லர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதிலும் அந்த நடைக்கூடம்.