இடைத்தேர்தல் வேண்டாம், அந்தப் பட்டியலை மட்டும் பூட்டுங்கள்

தமிழ்நாட்டு இடைத்தேர்தல் செய்தி ஒன்றைப் பார்த்துவிட்டு மருமகன் கேட்டான்: "மாமா, நமக்கு ஏன் இது வாறதில்ல?" 24 வயது, இரண்டு தரம் வாக்குச்சீட்டில் புள்ளடி போட்டவன். அவனில் பிழை இல்லை. இங்கே இலங்கையில் 1983 மே மாதம் ஒரே நாளில் 18 தொகுதிகளில் இடைத்தேர்தல் நடந்தது. 1989இல், கட்சி எடுத்த வாக்குக்கு ஏற்ப மாவட்டக் கதிரைகளைப் பிரிக்கும் விகிதாசார முறையில் முதல் பொதுத்தேர்தல் வந்த பிறகு இடைத்தேர்தல் என்ற பேச்சே இல்லை.

திண்ணையில் இருந்த பெரியப்பாவுக்கு வாய் ஊறிவிட்டது. "அது ஒரு காலம் மனே. ஒரு கதிரைக்காக மந்திரிமாரெல்லாம் வாசலுக்கு வருவாங்க. ரோட்டுக்குத் தாரும் வரும்."

தாருக்காகவாவது ஒன்று நடக்கட்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் நம்முடைய பக்கத்துக் கணக்கு வேறு. 1977இல் கிழக்கிலுள்ள பொத்துவில் இரட்டை அங்கத்தவர் தொகுதி, இரண்டு பேர் பாராளுமன்றம் போவார்கள். முஸ்லிம்களுக்கும் தமிழருக்கும் ஆளுக்கொரு இடம் கிடைக்கட்டும் என்ற ஏற்பாடு அது. அப்படியே ஜலால்தீனும் கனகரெத்தினமும் போனார்கள். தமிழர் விடுதலைக் கூட்டணியில் வென்ற கனகரெத்தினம் ஐக்கிய தேசியக் கட்சிக்குத் தாவினார், 1978 ஜனவரியில் சுடப்பட்டார், 1980இல் இறந்தார். அவருடைய இடத்துக்குச் சகோதரி ரங்கநாயகி பத்மநாதனை நியமித்தார்கள். அண்ணன் தங்கைச் சொத்தா அது என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அன்று அந்த ஒரு கதிரைக்குத் தனியாக வாக்கெடுத்திருந்தால், அங்கே எண்ணிக்கையில் குறைந்த தமிழருக்கு அது திரும்பிக் கிடைத்திருக்குமா?

இன்றும் அதே நிலைதான். பொத்துவில் அடங்கிய திகாமடுல்லைக்கு, அதாவது அம்பாறை மாவட்டத்துக்கு, 7 கதிரை. 2020இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. 2024இல்தான் தமிழரசுக் கட்சிக்கு ஒன்று வந்தது. அப்படிப்பட்ட கதிரை நடுவில் காலியாகி, மாவட்டம் முழுக்க ஒரே ஒருவருக்கு வாக்குப் போடச் சொன்னால் காரைதீவு, திருக்கோவில் போன்ற தமிழ் ஊர்கள் சேர்ந்து என்ன செய்ய முடியும்? அதனால் மாவட்டக் கதிரைக்கு இப்போதுள்ள முறையே போதும்: அதே கட்சிப் பட்டியலில் விருப்பு வாக்கில் (கட்சிக்குப் போட்ட பிறகு வேட்பாளருக்கு நாம் போடும் வாக்கு) அடுத்து நிற்பவர் போகட்டும். 2004இல் மட்டக்களப்பில் கிங்ஸ்லி இராசநாயகம் விலகியதும் அரியநேத்திரன் போனது அப்படித்தான். நஸீர் அஹமட்டை முஸ்லிம் காங்கிரஸ் நீக்கியது செல்லும் என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்னதும் அலி ஸாஹிர் மௌலானா போனதும் அப்படித்தான். ஏறாவூர்க்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. போனவர் யாரானாலும், அவருக்கு நேரே நாம் போட்ட விருப்பு வாக்கு இருந்தது.

எனக்கு வயிறு எரிவது தேசியப் பட்டியலில், அதாவது நாடு முழுக்க எடுத்த வாக்குக்கு ஏற்பக் கட்சிகளுக்குக் கிடைக்கும் கதிரைகளில். அந்த 29 கதிரைக்கும் முதல் தடவை ஆள் அனுப்பும்போது கட்சி ஏற்கனவே கொடுத்த பட்டியலிலோ வேட்புமனுவிலோ பெயர் இருக்க வேண்டும். சரி. ஆனால் ஒருவர் விலகிவிட்டால், கட்சியின் உறுப்பினர் யாரையும் செயலாளர் அனுப்பலாம். 2021இல் பொதுஜன பெரமுனவில் பசில் ராஜபக்ச வந்தது இந்த வழியால். அவர் விலக, 2022இல் தம்மிக்க பெரேரா வந்ததும் இதே வழியால். 2020இல் நாம் வாக்குப் போட்டபோது அந்தப் பட்டியலில் இந்த இரண்டு பெயரும் இல்லை. ஐக்கிய தேசியக் கட்சியோ தனக்குக் கிடைத்த ஒரேயொரு கதிரையை 2020 ஓகஸ்ட் தேர்தலுக்குப் பிறகு 2021 ஜூன் வரை சும்மா வைத்திருந்தது. கடைசியில், கொழும்பில் தோற்ற ரணில் விக்கிரமசிங்க அதில் இருந்தார். அடுத்த வருடம் ஜனாதிபதியும் ஆனார்.

நம்முடைய பக்கமும் இது நடக்கிறது. 2025இல் முஸ்லிம் காங்கிரஸின் தேசியப் பட்டியல் கதிரையிலிருந்து ஏறாவூர் நளீம் விலக, பொத்துவில் வாஸித் போனார். பொத்துவில் சனத்தின் சந்தோஷத்தில் எனக்குக் குறையில்லை, ஒதுங்கிக் கிடக்கிற ஊர். ஆனால் கதிரை ஏறாவூரிலிருந்து பொத்துவிலுக்குப் போன அத்தனை தூரத்திலும் ஒருவரும் புள்ளடி போடவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தேர்தலுக்கு முன் கொடுத்த பட்டியலில் இல்லாத பெயர் நடுவிலும் வரக்கூடாது. முதலாமவர் போனால் இரண்டாமவர் என்று வரிசையும் அதிலேயே இருக்கட்டும். ஒரு மாதத்துக்குள் அனுப்பாவிட்டால் அடுத்த பெயர் தானாகப் போகட்டும். இதற்குத் தேர்தல் செலவு ஒரு சதமும் இல்லை.

2024 விருப்பு வாக்கு முடிவு வந்த பேப்பர்த் துண்டை அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன், மூலையில் கரப்பான் அரித்துவிட்டது. மருமகனைக் கூப்பிட்டு, மட்டக்களப்பின் 5 பேரில் ஒருவர் போனால் அடுத்து யார் என்று விரல் வைத்துக் காட்டினேன். "தேசியப் பட்டியல் எங்க மாமா?" என்றான். கதவைச் சாத்தினேன்.