பந்தியில் துண்டு போட்டது யார்?

ஞாயிற்றுக்கிழமை தில்லி ஆர்.கே. புரத்தில் நம் கூட்டத்தில் நடந்ததை வந்திருந்தவர்கள் பார்த்தீர்கள். வராதவர்களுக்கு அன்றிரவே காணொலி போய்ச் சேர்ந்துவிட்டது. "ஒரு பந்தியில் சாப்பிட்டுக்கொண்டே அடுத்த பந்திக்குத் துண்டு போடுகிற பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள்" என்று பெரியவர் மேடையில் சொன்னதும் முன்வரிசை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. கைதட்டல் வேறு.

பெயர் சொல்லவில்லையே என்று சமாதானம் சொல்கிறார்கள். அமைச்சகத்தில் உதவிப் பிரிவு அலுவலராக இருந்துகொண்டே மறுபடியும் சிஜிஎல் என்கிற மத்திய அரசுப் பட்டதாரி நிலைத் தேர்வை எழுதி, சென்னையில் வருமான வரி ஆய்வாளர் பதவிக்குத் தேர்வானவர்கள் அந்த அரங்கில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்?

பேராசையாம். இரண்டு வேலையும் ஊதிய நிலை 7. தொடக்க அடிப்படைச் சம்பளம் இரண்டிலும் 44,900 ரூபாய். தில்லி, சென்னை இரண்டும் வாடகைப்படிக் கணக்கில் எக்ஸ் வகை, அதாவது முதல் வகைப் பெருநகரங்கள். வீட்டு வாடகைப்படி இங்கேயும் 30 சதவீதம், அங்கேயும் 30 சதவீதம். இதில் ஆசைப்பட என்ன இருக்கிறது, ஐயா?

துரோகமாம். முறைப்படி அலுவலகம் வழியாக விண்ணப்பித்துத் தேர்வாகிறவர்களுக்கு 'டெக்னிக்கல் ரெசிக்னேஷன்' என்று அரசே வழி வைத்திருக்கிறது. பழைய சர்வீஸ் கணக்கில் சேர்கிறது, சம்பளம் குறைவதில்லை, சேர்த்துவைத்த ஈட்டிய விடுப்பும் கூடவே வருகிறது. நிரந்தர ஊழியருக்குப் பழைய பதவியில் இரண்டு ஆண்டு லியன்கூட, அதாவது திரும்பி வரும் உரிமைகூட, உண்டு. அரசுக்கே உறுத்தாதது மேடைக்கு உறுத்துகிறது.

"உன்னால் ஓர் ஏழைப் பிள்ளையின் இடம் வீணாயிற்றே" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டார். தேர்வு நடத்தும் பணியாளர் தேர்வாணையம் (எஸ்எஸ்சி) காத்திருப்போர் பட்டியல் வைப்பதில்லை, உண்மைதான். நான் எழுந்துபோனால் அந்த நாற்காலி உடனே நிரம்பாது. பட்டியல் வையுங்கள் என்று ஆணையத்துக்கு எழுதுங்கள். என்னை ஏன் முறைக்கிறீர்கள்?

அப்பா கும்பகோணத்தில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டபோது இங்கே நாடாளுமன்றக் கூட்டத்தொடர். கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கும் மும்முரத்தில் விடுப்பு கேட்கவே வாய் வரவில்லை. கடைசியில் கிளம்பி, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரண்டு இரவும் ஒரு பகலும் ஓடிச் சென்னை சேர்ந்து, அங்கிருந்து இன்னொரு ரயில் பிடித்துப் போய் நின்றபோது அறுவைச் சிகிச்சையே முடிந்திருந்தது. எல்லாத் தாளிலும் அம்மா ஒருத்தியே கையெழுத்துப் போட்டிருந்தாள். விமானம் இல்லையா என்பவர்கள், மாதக் கடைசியில் அவசர டிக்கெட் எடுத்துப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள். சென்னை மட்டும் என்ன, கும்பகோணத்துக்குப் பக்கத்துத் தெருவா என்பவர்களுக்கு: இல்லை. ஆனால் ராத்திரி ஏறினால் காலையில் அம்மா கையால் காப்பி குடிக்கலாம்.

பெரியவரும் ஊரில் அஞ்சல் துறை வேலையை விட்டுவிட்டுத்தான் தில்லி அமைச்சகத்துக்கு வந்தவர். பொங்கல் விழாதோறும் அந்தக் கதையை 'முன்னேற்றம்' என்ற தலைப்பில் கேட்டிருக்கிறோம். அவர் மகன் அமெரிக்காவில் நிறுவனத்துக்கு நிறுவனம் தாவியபோதெல்லாம் இனிப்பு வந்தது. நானும் வாங்கிச் சாப்பிட்டேன். எனக்கு மட்டும் ஏன் பிரசங்கம் என்று கேட்டால், பெண்பிள்ளைக்கு வாய் நீளம் என்பார்கள். நீளமாகவே இருக்கட்டும்.

இந்த ஊருக்கு நான் வந்த புதிதில் கரோல்பாகில் அறை தேடித் தந்தவரும் அவர்தான். வேறு யாராவது பேசியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

இத்தனைக்கும் போவதென்று நான் இன்னும் முடிவே செய்யவில்லை! அதைக் கேட்டுக்கொள்ள ஒருவருக்கும் நேரமில்லை. புதிய துறையில் பணிமூப்பு கடைசியிலிருந்து தொடங்கும். இங்கே பிரிவு அலுவலர் வரிசையில் நின்ற ஆண்டுகள் அங்கே உதவாது. வருமான வரி அதிகாரி ஆவதற்குத் துறைத் தேர்வும் எழுத வேண்டும். எனக்குத் தூக்கம் வராதது இதனால். ஒருவேளை தில்லியிலேயே இருந்துவிட்டால், தம் பேச்சைக் கேட்டுத் திருந்தினாள் என்று அடுத்த கூட்டத்தில் அதற்கும் கைதட்டல் வாங்குவார்.

தில்லி மத்திய செயலகத்திலிருந்து வருமான வரித் துறைக்குப் போனவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பணிமூப்பு என்ன ஆயிற்று, சென்னையிலேயே இருக்க விட்டார்களா என்று மட்டும் எழுதுங்கள். புத்திமதி ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது.