எழுதத் தெரிந்தவர்கள் மட்டும்தான் புலம்பெயர்ந்தார்களா?

ஆசியப் புலம்பெயர் வாழ்க்கை பற்றி ஆங்கிலத்தில் வரும் கட்டுரைத் தொகுப்புகள் கைக்கு வந்தால், நான் முதலில் படிப்பது எழுதியவர்களைப் பற்றிய குறிப்புகளைத்தான். சீனா, கொரியா, வியட்நாம், இந்தியா என்று நாடுகள் வரிசையாக இருக்கும். ஆள் மட்டும் ஒரே ஆள்: பேராசிரியர், பத்திரிகையாளர், டாக்டர் வீட்டுப் பிள்ளை. தெற்காசியாவுக்கு ஒதுக்கிய ஒன்றிரண்டு கட்டுரையில் யாராவது பள்ளிக்கூடத்தில் அம்மா கட்டித் தந்த டப்பாவைத் திறக்கக் கூச்சப்பட்டிருப்பார். அந்தக் கூச்சம் பொய்யில்லை. ஆனால் எத்தனை டப்பாவைத்தான் திறப்பது?

சரி, நம் தமிழ்த் தொகுப்புகள் மட்டும் என்ன வாழ்கிறது? தமுக்கம் புத்தகத் திருவிழாவில் ஆசையாக வாங்கிவந்து பிரித்தால் லண்டன், டொரண்டோ, கலிபோர்னியா. மலேசியாவுக்கு ஒரு கட்டுரை. வளைகுடாவுக்கு அதுவும் கிடையாது. மதுரையிலிருந்து கிழக்கே பஸ் ஏறினால் ராமநாதபுரம் வரைக்கும் ஊருக்கு ஊர் துபாய், குவைத், சவுதி போய்வந்தவர்கள். வீட்டு வேலைக்குப் போன பெண்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எழுதிய கட்டுரையை யாராவது படித்திருந்தால் சொல்லுங்கள், தேடி வாங்குகிறேன்.

இலங்கை மலையகத்து ஆட்களின் கதை இன்னும் மோசம். கங்காணிகள் மதுரை, ராமநாதபுரம், திருச்சிப் பக்கமெல்லாம் ஆள் சேர்த்து, மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குக் கூட்டிப் போனார்கள். இலங்கை கொண்டுவந்த 1948 குடியுரிமைச் சட்டம் அந்தச் சனத்தை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்றார்கள். சம்பந்தப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் இருக்கிறார்கள். அங்கே இந்தியாக்காரர், இங்கே சிலோன்காரர். புலம்பெயர் தொகுப்பில் இவர்களைச் சேர்ப்பதா என்று தொகுப்பாளர்கள் யோசிக்கிறார்கள். இதே ஆட்கள் டொரண்டோவில் இருந்திருந்தால் அந்த யோசனையே வந்திருக்காது.

இதைக் கேட்டால், "அறிவிப்புப் போட்டோம், அந்தப் பக்கமிருந்து யாரும் அனுப்பவில்லை" என்பார்கள். எங்கே போட்டீர்கள்? முகநூலில். இரண்டாயிரம் வார்த்தை, யூனிகோடில், மாதக் கடைசிக்குள். தேயிலைக் கொழுந்து பறித்தே வயதான அம்மா அனுப்புவாரா?

தொகுப்பாளர் போகவேண்டும். எதிரில் உட்கார்ந்து பதிவு செய்து, எழுதி, திரும்ப வாசித்துக் காட்டி, சொன்னவர் ஒப்புக்கொண்ட பிறகு அவர் பெயரிலேயே போடவேண்டும். 'உதவி: இன்னார்' என்று எழுதியவர் பெயர் கீழே சின்னதாக இருந்தால் போதும். இங்கே வழக்கமாகத் தலைகீழாகத்தான் நடக்கிறது. "அது வாய்மொழி வரலாறு, கட்டுரை ஆகாது" என்று ஒரு பதில் வரும். பேராசிரியர் தன் பாட்டியிடம் கேட்டு எழுதினால் மட்டும் கட்டுரை ஆகிவிடுகிறதே, அது எப்படி?

அடுத்த தொகுப்புக்குத் திட்டம் போடும் பதிப்பாளர் யாராவது இதைப் படித்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். இளையான்குடி, பரமக்குடிப் பக்கம் கேட்டு எழுத நான் தயார். எனக்கு பஸ் காசுகூட வேண்டாம். கதை சொன்னவருக்கு மட்டும், மற்ற கட்டுரையாளர்களுக்குக் கொடுக்கும் அதே தொகையைக் கொடுத்துவிடுங்கள்.