30 நாள் சலுகை இப்போது இல்லை

"ஹெவி லைசென்ஸ் தேதி முடிஞ்சாலும் 30 நாள் ஓட்டலாம்" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அது பழைய சட்டம். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். முடிந்த மறுநாளே லாரியைத் தொடக் கூடாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் பெரிய சிக்கல்.

கார்டில் இரண்டு தேதி இருக்கும். சொந்த வண்டிக்கு ஒன்று, டிரான்ஸ்போர்ட்டுக்கு (லாரி, பஸ் போன்ற தொழில் வண்டிகளுக்கு) வேறொன்று. பலர் முதல் தேதியை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். டிரான்ஸ்போர்ட்டுக்கு 5 ஆண்டுதான்.

முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே, புதுப்பிக்கச் சொல்லி அரசின் 'சாரதி' இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ (மருத்துவச் சான்று) கட்டாயம். முடிந்து ஓராண்டு தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். வேலூர் ஆர்டிஓ ஆபீஸில் வேலை முடிந்ததும், புதுக் கார்டில் பழைய வண்டி வகைகள் எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதுவரை பழைய கார்டின் இருபக்க நகலைப் பத்திரமாக வையுங்கள்.